விரால் புறப்படுவதற்கு முந்தின இரவு

குளத்தின் அடி வெடித்துவிட்டதென்று
துளசிகா படம் அனுப்பியிருக்கிறாள்.
அளவுக்குச் செருப்பை வைத்து எடுத்த படம்.
வெடிப்புக்குள் செருப்பின் குதி இறங்கி நிற்கிறது.
அப்போ சின்னச் சில்லு சரிவராது.
திரும்பவும் கழற்று.

ஆவணி கடைசி. தண்ணீர் போன குளத்தில்
மூன்று நாள் கலைவிழா.
கமக்கார அமைப்பு தந்த கடிதத்தில்
இரண்டே நிபந்தனை:
அணைக்கட்டில் ஆணி அடிக்கக் கூடாது,
மழை வந்தால் பொறுப்பில்லை.
மழைக்கு யார்தான் பொறுப்பு.

மல்லாவிச் சந்திக்குப் பின்னால்
உழவு இயந்திரம் திருத்தும் கொட்டிலில்
பதினெட்டு அடி விரால் ஒன்று
வாலை வாசலுக்கு வெளியே போட்டுக் கிடக்கிறது.
முதுகெலும்புக்கு நாலு சைக்கிள் சட்டம்.
செவுள், நெல் தூற்றும் காற்றாடியின் மூடி.
மூன்று பேர் உள்ளே இருந்து மிதித்தால்
வால் ஆட வேண்டும்.
நேற்று ஆடியது.
இன்று றெஜினோல்ட் மட்டும் ஆடுகிறான், கோபத்தில்.

தூசிக்கென்று தனிப் பெட்டி.
வெல்டிங் கண்ணாடி இரண்டு, நீச்சல் கண்ணாடி ஒன்று
(கேதாரன் பாசிக்குடாவில் வாங்கியது;
கரையிலேயே நின்றுவிட்டு வந்தவன்),
கொரோனாவில் மிஞ்சிய முகக்கவசம் ஒரு கட்டு,
சித்தியின் வொயில் சேலை, ஆறாகக் கிழித்தது.
நனைத்துக் கட்டினால் சோளகம் உள்ளே வராதாம்.
சோளகத்துக்குத் தெரியுமா அது.

குளத்துத் தூசி கிரவல் றோட்டுச் சிவப்பில்லை.
சாம்பல். மாவை விடப் பொடி.
சங்கிலிக்கு எண்ணெய் விட்டால்
அதோடு சேர்ந்து பசையாகிப் பல்லைத் தின்னும்.
மெழுகு பூசுவம் என்றேன்.
கோயிலில் எரிந்து முடிந்த திரிகளை
ஒரு பால்மாப் பேணி நிறைய றெஜினோல்ட் கொண்டுவந்தான்.
கேட்டு எடுத்ததா? கேட்டு என்ன செய்ய.
இப்போது கொட்டில் முழுக்கப்
பெரிய வெள்ளி வாசம்.

தோலுக்குத்தான் தகரம் போதவில்லை.
ஒட்டுசுட்டான் பக்கத்துப் பழைய இரும்புக் கடையில்
சறூக் நானா எட்டுத் தகடு நிறுத்துத் தந்தார்.
எந்த வீட்டுக் கூரை என்று சொல்லவில்லை.
கிலோவுக்கு இருபது ரூபா குறைத்தார்.
"ஓட்டைக்குக் காசு எடுக்கிறேல்லை, பிள்ளை."

நிமிர்த்திப் பார்த்தால்
விரல் போகும் ஓட்டைகள்,
விளிம்பெல்லாம் ஒரே பக்கம் மடிந்து.
தூசி புகும், பற்றறி செத்துப்போகும் என்று
கேதாரன் பசையைக் குழைத்தான்.
அவன் சொன்னது சரி.
மூன்றை அடைத்தான்.
நாலாவதுக்கு முதல் கரண்ட் போய்விட்டது.

பற்றறியாவது வேலை செய்யுதா என்று
விராலின் வயிற்றுக்குள் கையை விட்டு
நான் குமிழைப் போட்டேன்.

முகட்டில், கழற்றிப் போட்ட எஞ்சின்களில்,
றெஜினோல்ட்டின் நெற்றியில்
வெளிச்சம், புள்ளி புள்ளியாக.
அழகென்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை.
கேதாரனின் கையில் பசை இறுகிக்கொண்டிருந்தது.
வாலடியில் படுத்திருந்த நாய்
ஒரு புள்ளியைத் துரத்திப் பார்த்துவிட்டு
திரும்பப் போய்ப் படுத்தது.

பிறகு மூன்று பேரும் ஒரேயடியாகக் கதைத்தோம்.
பற்றறிக்கு உரப்பை சுற்றலாம்.
உரப்பைக்கு மேல் சைக்கிள் ரியூப்.
சில்லுக்கு மோட்டார் சைக்கிள் ரயர், காற்றைக் குறைத்து.
கேதாரன் ஸ்குறூட்றைவரை எடுத்து
அடைத்த மூன்றையும் தோண்டத் தொடங்கினான்.

விடிய நாலு மணிக்கு லாண்ட்மாஸ்ரர் வரும்.
தண்ணீர்ப் பவுசர் ஒன்றுதானாம்,
ஆளுக்கு ஐந்து லீற்றர், குளிக்க நினைக்காதே.
பதினாலாம் நம்பர் சாவியைக் காணவில்லை.

பன்னிரண்டரைக்குத் துளசிகா இன்னொரு படம்.
ரோச் வெளிச்சத்தில் சேறு, ஒரு பாய் அகலம்.
நடுவில் என்னவோ கறுப்பாக, வாய் திறந்து.
"நடுக்குளத்தில ஒரு உண்மையான விரால்
இன்னும் மூச்சு விடுது.
உங்கட ஆளை அந்தப் பக்கம்
கொண்டு வராதேங்கோ.
பயந்திடும்."