மேல்காற்று

என் தாளில் அவன் ஏழாம் எண். பெயர் சூ. ஜெரிக்.
ஒலிபெருக்கிக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை.
முதல் செட்டில் ‘ரயில்வே சூசையின் மகன்’ என்றது,
இரண்டாவதில் ‘துறைமுகம் அருளப்பனின் அண்ணன் மகன்’,
மூன்றாவதில் மைக்காரர் டீ குடித்துத் தெம்பாகி
பாட்டனார் இலங்கையில் வாங்கிவந்த கோப்பை வரை போனார்.

பணகுடி. ஆடி மாதம். அரிசி ஆலைக்குப் பின்னே
எட்டு விளக்குக் கம்பம், பனங்கட்டை காலரி.
மேற்கே மலை, இருட்டுக்குள் இன்னோர் இருட்டாக.
தெற்கே காற்றாலைகளின் சிவப்புக் கண்கள்
ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடின.
பந்தைத் தூக்கிப் போட்டால்
யோசித்துவிட்டுத்தான் இறங்கும் இந்த ஊரில்.

அந்த வீட்டில் எல்லோரும் அடிக்கிறவர்கள்.
சூசை அடித்த பந்து ஒருமுறை தரையில் பட்டு எழும்பி
மாதா கோவில் மணியைத் தொட்டதாகச் சொல்வார்கள்.
அன்று ஸ்கோர் எழுதியவர் என் அப்பா.
தாளைத் தேடிப் பார்த்தேன், மணி கிடையாது.
ஜெரிக்குக்கு உயரம் வரவில்லை, அது தங்கைக்குப் போய்விட்டது.
ஆகவே தூக்கிக் கொடுக்கிறான்.

தூக்கிக் கொடுப்பவனுக்கு என் தாளில் கட்டம் இல்லை.
சர்வீஸ் உண்டு, புள்ளி உண்டு, எச்சரிக்கை உண்டு,
யாருக்குப் பதில் யார் இறங்கினார் என்பதுகூட உண்டு.
கால் நொடி
பந்து அவன் பத்து விரல்களில் இருக்கிறது.
அதற்குள் எதிரணி மொத்தமும்
தப்பான பக்கம் சாய்ந்துவிடுகிறது.
இதை நான் எங்கே எழுதுவது?

ஐந்தாவது செட். பதினாலுக்குப் பதிமூன்று.
இன்னும் ஒரு புள்ளி.
இடது முனையில் சித்தப்பா மகன் கிளாட்வின், ஆறடி மூன்று,
கையைப் பின்னால் இழுத்தாயிற்று.
ஜனம் அவன் பெயரைத்தான் கத்துகிறது.
முன்வரிசை நாற்காலியில் சூசை
இடது தொடையை இரண்டு விரலால் தட்டுகிறார், தட்டுகிறார்.

பந்து வலது பக்கம் போனது, முதுகுக்குப் பின்னால்.
அங்கே நின்றது பதினோராம் வகுப்பு இசக்கித்துரை.
கணுக்கால் பிசகியவனுக்குப் பதிலாக வந்தவன்,
டவுசர்கூட இரவல்.
தடுத்துவிட்டார்கள். பதினாலு, பதினாலு.

மறுபடியும் அவனுக்கே.

கோட்டுக்கு நாலு விரல் வெளியே.
கொடி உயர்ந்தது.
யாரோ ஒரு செருப்பை உள்ளே எறிந்தார்கள், அதை எழுதிக்கொண்டேன்.
இசக்கித்துரை பனியனை இழுத்து முகத்தை மூடினான்.
ஜெரிக் போய் அந்தப் பனியனைக் கீழே இறக்கிவிட்டு
என்னவோ சொன்னான்.
பையன் சிரித்தது மாதிரி இருந்தது; விளக்கு கண்ணில் பட்டதாகவும் இருக்கலாம்.

கடைசிப் புள்ளிக்கு யாரும் அடிக்கவே இல்லை.
எதிராளி போட்ட சர்வீஸ் வலையைத் தாண்டி வந்து,
நின்று, மனம் மாறி,
ஆளில்லாத இடத்தில் விழுந்தது.

கேப்டன் கையெழுத்துக்கு என் மேசைக்கு வந்தான்.
விரலில் சுற்றிய பிளாஸ்திரி பேனாவோடு ஒட்டிக்கொண்டது.
பின்னாலேயே சூசை.
‘ஏம்ல, ரெண்டு தடவையும் அந்தப் பயலுக்கு?’
‘மேல்காத்துப்பா. கிளாட்வினுக்குப் போட்டா பந்து பின்னால வந்துரும்.
அவன் முன்னால மூணு பேரு நிக்கான். இவனுக்கு ஒருத்தன்தான்.’
‘தோத்துட்டியே.’
‘ஆமா.’
இனிஷியலோடு கையெழுத்துப் போட்டான், எப்போதும்போல.

சூசை காலி மைதானத்துக்குள் நடந்தார்.
வலைக்கடியில் குனிந்து ஒரு பிடி புழுதி எடுத்து
தோள் உயரத்தில் விரல்களைத் திறந்தார்.
ஒரு துகளும் அவர் காலடியில் விழவில்லை.
இன்னொரு பிடி எடுத்தார்.

தாளின் அடியில் ‘குறிப்புகள்’ என்று ஒரு கோடு.
இருபத்தோரு வருஷமாக அதில் மழை, மின்தடை, செருப்பு.
இன்று ‘மேல்காற்று’ என்று எழுதினேன்.
எதிரணிக் கேப்டன் எட்டிப் பார்த்து,
‘எங்களுக்கும் அதே காத்துதான டீச்சர்’ என்றான்.
அதுவும் சரிதான்.