மூன்றாம் முனை

டாக்டர் தாளைப் பார்த்துக் கேட்கிறார்:
"கடந்த இரண்டு வாரங்களில்
எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததுண்டா?"
முப்பதுகூட ஆகியிருக்காது.
பேனாவை எவ்வளவு லேசாகப் பிடிக்கின்றன
அந்த விரல்கள்.

எனக்கு எண்பத்தெட்டு.
பதின்மூன்றில் படகேற்றினார்கள்.
செத்தோ கடலில் இந்தத் தீவு. துறையில் குமாஸ்தா சொன்னார்:
வீட்டுக்குக் கெட்ட பெயர் வேண்டாம்,
வேறு பெயர் சொல்.
எதிரே தேயிலைப் பெட்டி இருந்தது.
அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்தேன். மிட்சுயோ.
அன்று முதல் நான் ஒரு தேயிலை.

நோய் போய் அறுபது வருஷம்.
பாலமும் வந்தாயிற்று. அதில்
காய்கறி லாரி வருகிறது.
பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து
குனிந்து வணங்கிவிட்டுப் போகிறார்கள்.
அண்ணன் மகன் ஒருமுறை
பாலத்தின் நடுவரை வந்தான் என்று
காவலாளி சொன்னார்.

"தூக்கம் எப்படி?"

கண்ணும் போய், கோல் தரையில் தட்டுவது
கைக்கும் தெரியாமல் போனவர்களுக்காக
பாதையின் முனைகளில் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள்.
முதல் முனையில் குயில்.
மூன்றாவதில், என் ஜன்னலுக்கு நேர் கீழே,
ஒரு தாலாட்டு மெட்டு,
விடிந்ததிலிருந்து இருட்டும்வரை.
எத்தனை திட்டியிருக்கிறேன்.
பிள்ளையே பிறக்க விடாத இடத்தில்
யாருக்கடா தாலாட்டு என்று
ஜன்னலை அறைந்து சாத்தியிருக்கிறேன்.

பிப்ரவரியில் தொகுஜி போனார்,
கண்ணில்லாதவர்களில் கடைசி.
மறுவாரம் எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்தார்.
நியாயம்தான். இனி யாருக்காக?

அப்புறம்தான் குளியலறைக்குப் போகும் வழி
நீண்டுபோனது.
பார்வை இருந்தும் திரும்பும் இடம் தப்பியது.
பாதியில் நின்றேன். பிறகு வாசலில் நின்றேன்.
இப்போது படுக்கையிலிருந்தே எழுவதில்லை.

"எப்போதிலிருந்து இப்படி?"

ஒழுங்காகச் சொல்வதென்றால்
படகிலிருந்து தொடங்கவேண்டும்.
ஐந்தாம் மாதத்தில் என்னைக் கிடத்திய
அந்த மேசையையும் சொல்லவேண்டும்.
அவருக்குப் பன்னிரண்டு மணிக்குப் பஸ்.

ஏணி வந்த நாளிலிருந்து, என்றேன்.
'ஏணி' என்று எழுதினார்.
அடித்தார்.
"விழுந்தீர்களா?"

மாலையில் நர்ஸ் நாகாய்
கால் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது
தன்னையறியாமல் அந்த மெட்டை முனகினாள்.
நாலாம் அடியில் நின்றுவிட்டது.
மிச்சம் மறந்துபோச்சு, என்று சிரித்தாள்.
மிச்சம் எனக்குத் தெரியும்.
பாடவில்லை.
கட்டு முடிந்த பிறகும்
காலை எடுக்காமல் அவள் மடியில் விட்டிருந்தேன்,
தொட்டால் தெரியாத காலை,
கொஞ்ச நேரம்.