இந்த ஆண்டு கடல் உறையவில்லை

முப்பத்தோரு குளிர்காலம்
பனிக்கட்டியில் துளை போட்டு அளப்பதுதான் என் வேலை.
ரோஹுக்குலா துறையிலிருந்து ஹீயுமா தீவு வரை
இருபத்தாறு கிலோமீட்டர்.
இருபத்திரண்டு சென்டிமீட்டர் கனம் இருந்தால்
கார் போகலாம்.
இருபத்தொன்று என்றால்
ஊரே திட்டினாலும் போகக் கூடாது.

உறைந்த கடல்மேல் சீட் பெல்ட் போடக் கூடாது என்பது
எங்கள் சட்டம்.
தரையில் உயிரைக் காப்பது
அங்கே உயிரைக் குடிக்கும்.
மெல்லப் போ, இல்லையென்றால் விரைந்து போ.
இரண்டுக்கும் நடுவே ஒரு வேகம் இருக்கிறது,
அதில் போனால்தான்
அடியில் அலை எழும்பிப் பனி பிளக்கும்.
என் கல்யாணம் அந்த வேகத்தில் போனது.

நவம்பரில் உய்லோ கேட்டான்:
"தீவுக்கே வந்துவிடேன், வைக்கே."
அவனுக்கு எழுபத்து மூன்று, எனக்கு அறுபத்தெட்டு.
கடல் உறையட்டும், சொல்கிறேன் என்றேன்.
விளையாட்டாகத்தான். பாதி.

டிசம்பர் போயிற்று. ஜனவரியும் போயிற்று.
கடல் சாம்பல் நிறத்தில்
சும்மா அசைந்துகொண்டிருந்தது,
வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளை போல.

ஞாயிறுதோறும் தொலைபேசியை
இசைத்தட்டுப் பெட்டியருகே வைத்துவிட்டு
காபி போடப் போய்விடுவான்.
ஒரு செல்லோ. ஓரிடத்தில் கீறல்,
அங்கே ஊசி இரண்டு முறை தயங்கும்.
உச்ச சுரங்கள் எனக்கு இப்போது எட்டுவதில்லை.
அவை இருக்க வேண்டிய இடத்தை
நானே மூச்சுக்குள் முனகி நிரப்பிக்கொள்கிறேன்.
கீறல் மட்டும் துல்லியமாகக் கேட்கிறது.
கீறாத செல்லோவை
இனி நான் நம்பப்போவதில்லை.

அலமாரியில் ஒரு தடித்த நாவல்.
முப்பத்து நாலு வயதில்
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் விட்டது,
தாலின் டிராம் சீட்டு ஒன்று அடையாளத்துக்கு.
முதலிலிருந்து தொடங்கினேன்.
நாளுக்கு ஒன்பது பக்கம்,
அதற்குமேல் கண் சம்மதிப்பதில்லை.
நூற்று நாற்பதாம் பக்கத்தில் பென்சில் கோடு:
'அவள் கதவைச் சாத்தினாள்.'
அவ்வளவுதான் வாக்கியம்.
இதற்கு எதற்குக் கோடு போட்டாய்
என்று அந்த முப்பத்து நாலுக்காரியைக் கேட்டேன்.
பதில் இல்லை. அவளுக்கு எப்போதும் அவசரம்.
அடுத்த வரி அவள் கண்ணில் படவேயில்லை:
'சாவி உள்ளே இருந்தது.'
நான் சிரித்து முடிக்க
வெகுநேரம் ஆயிற்று.

வயதானால் தெளிவு வரும் என்கிறார்கள்.
எனக்கு முழங்கால் வலி வந்தது.
கூடவே, தெரியாது என்று சொல்லக் கூசாத நாக்கும்.
வேலையில் இருந்தவரை ஒரே கேள்விதான்: தாங்குமா?
கருவி சொல்லும், நான் எழுதிக் கையெழுத்திடுவேன்.
மனிதருக்குள் எங்கே துளை போடுவது?
எத்தனை சென்டிமீட்டர் இருந்தால் போதும்?

பிப்ரவரி பதினேழு. துறைக்குப் போனேன்.
பனிச்சாலையின் தடுப்புக்கட்டை பூட்டியே கிடந்தது.
அதற்கப்பால் வெறும் தண்ணீர், இரண்டு அன்னங்கள்.
பக்கத்திலேயே கப்பல்
வழக்கம்போல் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது.
ஒன்றேகால் மணி நேரப் பயணம்.
தினமும் போகிற கப்பல். எனக்குத் தெரியாததா?
சீட்டுக் கொடுத்த பையன்
என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மேல்தளத்திலிருந்து அழைத்தேன்.
செவ்வாய் முதல் வெள்ளி வரை அங்கே.
மற்ற நாள் என் வீட்டில். அதை விற்கமாட்டேன்.
சனிக்கிழமை பாட்டுக்குழு ஒத்திகை,
ஆல்ட்டோவில் கடைசி வரிசை,
அவர்கள் துரத்தும் வரை.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
காற்றா அவன் மூச்சா, பிரித்தறிய முடியவில்லை.
பிறகு,
"மீன் சூப் இருக்கிறது" என்றான்.

சரி. இன்னொன்று,
இசைத்தட்டுப் பெட்டியை
நாற்காலிக்கு அந்தப் பக்கம் நகர்த்திவை.
எனக்கு இடது காதுதான் தேவலை.