பதினேழாம் எண், பச்சியண்ணன்

எங்கள் ஊரில் மகளின் பெயருக்கு முன்னால்
அப்பா ஒற்றை எழுத்தாக நிற்பார்,
ஒரு புள்ளியோடு சரி.
அந்த ஊரில் எழுத்து போதாது என்றார்கள்.
பாரத்தில் ஒரு கட்டம் காலியாகக் கிடந்ததாம்.
அப்படித்தான் ப. தேன்மலர்
சட்டையின் முதுகில் பச்சியண்ணன் ஆனாள்,
தோளிலிருந்து தோள்வரை வளைத்துத் தைத்து,
கீழே பதினேழு.

விசா ஜன்னலில் இருந்தவர் கேட்டார்:
உங்கள் சேலத்தில் பனி எங்கே விழும்?
ஏற்காட்டில் இறங்கும், கையில் நிற்காது என்றேன்.
கருப்பூரில் மலைமலையாய்க் குவித்திருப்பார்கள்,
ஆனால் அது வெள்ளைக்கல்,
உருகாது என்றேன்.
சிரிக்கவில்லை. முத்திரை குத்தினார்.

காந்தி ஸ்டேடியத்தில் சக்கரத்தில் ஓடியவள் நான்.
சிமெண்ட் தளம், பிளாஸ்டிக் பந்து,
மே மாதத்தில் சக்கரத்து ரப்பர் இளகி வாசம் வரும்.
பத்தொன்பது வயதில் லடாக் முகாம்.
உறைந்த ஏரியில் பதினொரு முறை விழுந்தேன்.
எண்ணியது நானில்லை,
பின்னால் நின்ற ஸ்டான்சின்.
பன்னிரண்டாவதை அவளும் எண்ணாமல் விட்டாள்.

பிறகு கடல்தாண்டி ஒரு துறைமுக ஊர்.
தொழில்முறை ஆட்டக்காரி என்று காகிதம் சொன்னது.
காலை நாலு மணிக்கு மீன் கிடங்கில் பெட்டி கட்டினேன்,
ஒன்பதுக்குப் பயிற்சி,
வாடகைக்கு இரண்டும் சேர்ந்தால்தான் ஆகும்.
கோலி ஆன்யா பள்ளிப் பேருந்து ஓட்டினாள்.
எங்கள் வேகக்காரி பல் டாக்டரிடம் வரவேற்பில் இருந்தாள்.
என் இரண்டு பல்லை அவள்தான் சலுகை விலையில் கட்டிக் கொடுக்க வைத்தாள்.

நான் தடுப்பாட்டக்காரி.
கோல் போடுகிறவளைக் கூட்டம் பெயர் சொல்லி அழைக்கும்.
என்னைப் பெரும்பாலும் நடுவர்தான் அழைப்பார்.
பதினேழாம் எண், பச்சியண்ணன்,
கட்டையால் இடறியதற்கு இரண்டு நிமிடம்.
ஒலிபெருக்கியில் அந்த ஊர் நாக்கு
'பச்சி'யில் ஏறி 'அண்ண'னில் வழுக்கும்.
கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து
தண்ணீர் குடிப்பேன்.

முதல் ஷிஃப்டுக்குக் கிளம்புமுன்
அப்பா செல்போனில் பார்த்துவிட்டு அழைப்பார்.
"என்ன கண்ணு, இன்னைக்கும் என்னைக் கூண்டுல ஏத்திட்ட?
முப்பத்தோரு வருஷமா டம்பர் ஓட்டறேன்,
ஒரு மெமோ வாங்கினதில்ல."

ஆறு சீசன்.
முழங்காலில் ஏதோ ஒரு நார் அறுந்தது,
நிஜமாகவே சத்தம் கேட்டது,
ஈர விறகு ஒடிகிற மாதிரி.
மே மாதம் மூன்று வரியில் மின்னஞ்சல்:
அன்புள்ள பச்சியண்ணன்,
ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை,
நன்றி.
பாவம், அப்பாவை எதற்கு வேலையைவிட்டு எடுத்தார்கள்
என்றுதான் முதலில் தோன்றியது.

செவ்வாய்ப்பேட்டை ஐஸ் டிப்போவில் அரைப் பாளம் கேட்டேன்.
"மீனுக்கா, ஜூஸுக்கா?"
முட்டிக்கு என்றேன்.
கொக்கியால் இழுத்துச் சாக்கில் தள்ளினான்.
ஓரம் வெட்டிய இடத்தில் குமிழே இல்லை.
நல்ல ஐஸ். வேகமாக ஓடும் என்று
கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன்.
அவன் காசுக்காகக் கை நீட்டிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் அப்பா வந்தார்,
புருவம்வரை வெள்ளைக்கல் தூசி.
உள்ளே என் பழைய சட்டை.
"யாருய்யா உன் பேரைத் தச்சதுன்னு மேஸ்திரி கேட்டான்.
பதினேழு என்னன்னான். டம்பர் நம்பர்னேன்."
என் காலுக்குக் கீழே தண்ணீர் ஓடிச்
செருப்புகளை நனைத்துக்கொண்டிருந்தது.

"மொத்தம் எத்தன கோல் போட்டேன்?"
"மூணு."
"கூண்டுல?"
"இருநூத்திப் பன்னெண்டு நிமிசம்."
துண்டைத் தோளில் போட்டபடி கணக்குப் பார்த்தார்.
"அரை ஷிஃப்டுகூட ஆகல.
பிடித்தம் வராது."
குளிக்கப் போனார்.