வெள்ளிக் கவ்வி

வியாழக்கிழமை காலை எட்டுக்கு
கோச்சோரின் வண்டி பின்வாசலில் வந்து நிற்கும்.
ஆறு தட்டு முட்டை,
ஒன்றிரண்டில் வைக்கோல் ஒட்டியபடி.
போன வாரத்துக் காலித் தட்டுகளை
வாங்கி அடுக்கிக்கொண்டே கேட்பார்:
"எத்தனை பொரிந்தது?"
செகெத் நகரத்துக் குளிரைப் பற்றி
நான் ஏதாவது சொல்லிவைப்பேன்.

பென்சிலால் எண் போட்டு
முப்பத்தெட்டு டிகிரிச் சூட்டில் படுக்க வைக்கிறேன்.
மூன்றாம் நாள்
ஓட்டில் ஒரு சன்னல் வெட்டிக் குனிந்தால்
மஞ்சள் கருவின் மேல்
யாரும் வரையாத நதிப்படம்.
இரத்தம் முதலில் தீவுகளாகத்தான் பிறக்கிறது,
கரைகள் ஒன்றையொன்று கண்டுபிடிப்பது பிறகு.
நடுவே கடுகளவு இதயம்.
அலகு வரவில்லை, இறகு வரவில்லை,
அதற்குள் என்ன அவசரமோ.

வலப்பக்கத் தமனியை
எமொகே வெள்ளிக் கவ்வியால் பிடிக்கிறாள்.
பிடிக்கும்போது மூச்சு விடமாட்டாள்.
ஓட்டம் நிற்கிறது.
கொடிகளெல்லாம் சற்று நேரம் வெறும் கோடுகள்.
பிறகு சிரையின் பக்கமிருந்து
வீடு மாறி வந்த விருந்தாளியாய்
தயங்கித் தயங்கி நுழைகிறது இரத்தம்.

மறுநாள் சாயம் ஏற்றுகிறோம்.
'நான் தமனி' என்று சொல்லும் மரபணு
எங்கெல்லாம் பேசியதோ
அங்கெல்லாம் ஊதா படிய வேண்டும்.
இடப்பக்கம், நாவற்பழம் தின்ற நாக்கு.
வலப்பக்கம் வெளுத்துக் கிடக்கிறது.
தமனியாகத் தொடங்கியது
ஓட்டம் திரும்பிய ஒரே இரவில்
வாயை மூடிக்கொண்டு
சிரையாகிவிட்டது.

எமொகே துள்ளிக் குதித்தாள்.
நானும் சிரித்தேன்.
சாயம் உயிருள்ளதில் ஏறாது.
எங்கே பேசுகிறதென்று பார்க்க
பேச்சை நிறுத்தியாக வேண்டும்.
நாற்பத்திரண்டாம் எண்ணைப் பதிவேட்டில் எழுதும்போது
என் மணிக்கட்டு துடிப்பது
பென்சில் வரை தெரிந்தது.

மாலையில் பாலத்தைக் கடந்து நடக்கிறேன்.
டிசா நதியின் வளைவுகளை
எந்தக் காலத்திலோ நேராக வெட்டிவிட்டார்கள்.
ஒதுக்கப்பட்ட வளைவுகளுக்கு
இங்கே செத்த டிசா என்று பெயர்.
கோச்சோரின் பண்ணை அப்படியொன்றின் கரையில்தான்.
கோடையில் போயிருக்கிறேன்.
அல்லி பூத்திருந்தது, கெண்டை புரண்டது.
தண்ணீருக்குத் தன் பெயர் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

அடுத்த வியாழன்.
"எத்தனை பொரிந்தது?"
"ஒன்றுகூட இல்லை. எப்போதும் இல்லை."
தலையசைத்தார்.
தட்டுகளை எண்ணினார், திரும்பவும் எண்ணினார்.
"ஒன்று குறைகிறதே" என்றார்.