நாற்பத்தொன்று

முதலில் வந்ததெல்லாம் குப்பை.
பத்தின் மைனஸ் முந்நூறாம் அடுக்கில்
ஆற்றுப் பனியின் தடிமன்.
டபுளுக்கு ஓர் எல் குறைந்திருந்தது. போட்டாள்.

அதன்பின் நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்று நாற்பத்தொன்று
நிற்கவேயில்லை.

டோர்னியோவில் மே பிறந்துவிட்டது.
ஜன்னலுக்கு வெளியே ஆறு
கடைசிப் பாளத்தையும் தள்ளிவிட்டு ஓடுகிறது;
ஹில்க்காவின் திரையில் மட்டும்
ஜனவரி இன்னும் உருகவில்லை.

கோப்பையே திறந்து பார்த்தாள்.
வாரந்தோறும் துளை போட்டு அளந்த தைஸ்தோ
தன் நோட்டில் இருந்தபடியே தட்டியிருந்தார்:
41,5
அந்த நாட்டில் எல்லாரும் எழுதுவதுபோல
புள்ளிக்கு ஒரு வால் வைத்து.

அந்தக் காற்புள்ளியில் கால் இடறி
அங்கேயே நின்றிருக்கிறது ஸ்கேன்எஃப்.
ஒவ்வொரு சுற்றிலும்
பூஜ்யம், பூஜ்யம் என்று
சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
கேட்க ஓர் இஃப் கூட வைக்கவில்லை இவள்.

"புள்ளி வைத்து எழுதினால் என்ன?"
"நாற்பத்தொன்று கொம்மா ஐந்து.
வாயில் வருவதைத்தானே எழுத முடியும்?"
போனை வைத்துவிட்டார் தைஸ்தோ.

ஒரு வரி சேர்த்தாள்: ஊர் வழக்கப்படி படி.
இன்னொன்றும்: பூஜ்யம் என்றால் நில்.

நாற்பத்தொன்றரை. ஐம்பத்திரண்டு.
மார்ச்சில் அறுபத்தெட்டு புள்ளி மூன்று.
பிறகு இறங்கி, முப்பது, பத்தொன்பதே கால்,
சட்டென்று
நின்றது.

இன்னுமொரு பிழையா?
கடைசி வரிக்குப் போனாள்.
எண்ணே இல்லை அங்கே.
எழுத்துகளால் எழுதியிருந்தார் தைஸ்தோ:

போயிற்று.