டொக்

ஜனவரி. இரவு ஒன்றே கால்.
சிலிண்டர்தான் என்று நினைத்தேன்.
பக்கத்து பிளாக்கில் கல்யாணப் பட்டாசு என்றார் கதிரேசன்,
கண்ணைத் திறக்காமலே.
விளக்கைப் போட்டால்
கூடத்தின் நட்டநடுவில்
இரண்டு டைல்ஸ்
நெற்றியோடு நெற்றி முட்டி
கூரை போட்டு நிற்கின்றன.
எலி ஒன்று குடும்பத்தோடு குடியேறலாம், அத்தனை இடம்.

துவாரகா, செக்டர் ஆறு, மூன்றாவது மாடி.
தில்லிக் குளிருக்கு கான்கிரீட் சுருங்குமாம்.
டைல்ஸ் சுருங்காதாம்.
இடம் போதாமல் எழுந்துகொள்ளுமாம்.

காலையில் ஜக்தேவ் மிஸ்திரி வந்தார்.
மதுபனிக்காரர். கழுத்தில் மஃப்ளர், காதில் பென்சில்.
உடைந்ததை அவர் பார்க்கவே இல்லை.
கரணையைத் திருப்பிப் பிடித்து
காம்பால் மற்றவற்றைத் தட்டிக்கொண்டே போனார்
தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி.
டக். டக். டக்.
டொக்.
சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி.
டக்.
டொக். இன்னொன்று.
மொத்தம் பதினொன்று.
சிமெண்ட் கலவைக்கு அவர் பாஷையில் மசாலா.
"அடியில மசாலாவே இல்ல மேடம்,
வெறும் காத்து."
பதினாலு வருஷமாக அந்தக் காற்றின் மேல்தான்
கொலு வைத்தோம், சண்டை போட்டோம்,
ஊரடங்கில் காலையும் மாலையும் எட்டு நடந்தோம்.

அந்த டைல்ஸ் இப்போது வருவதில்லை.
உடைந்த துண்டைத் துண்டில் சுற்றி
மெட்ரோவில் கீர்த்தி நகர் போனேன்.
ஸ்கேனரில் பார்த்த காவலர் இது என்ன என்றார்.
தரை என்றேன்.
போகச் சொல்லிவிட்டார்.
ஆறு கடை. ஐவரி காட்டினார்கள், பிஸ்கட் காட்டினார்கள்,
ஆல்மண்ட் என்று ஒன்று.
எல்லாம் எங்கள் வீட்டு வெள்ளைதான்,
துண்டைப் பக்கத்தில் வைக்கும்வரை.

மிஸ்திரிதான் வழி சொன்னார்.
கட்டிலுக்கு அடியில் இருப்பதை எடுத்துக் கூடத்தில் போடுவோம்,
கடையில் வாங்கியதைக் கட்டிலுக்கு அடியில்.
யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்?

கட்டிலை இழுத்தோம்.
ஒரு ஹேர்பின், ஒரு ஜாக்கெட் கொக்கி,
விழுங்கியாச்சு என்று கதிரேசன் சத்தியம் செய்த
பிரஷர் மாத்திரை, நான்கு.
நான் அவரைப் பார்த்தேன்.
அவர் மிஸ்திரியைப் பார்த்தார்.
மிஸ்திரி தட்டினார். அங்கேயும் டொக்.
அதனால்தான் இரண்டும் விள்ளாமல் விரியாமல்
அப்பளம் போல் கையோடு வந்தன.

ஒரே பெட்டியில் வந்தவை எல்லாம்.
ஆனாலும் கூடத்தில் பதித்துத் துடைத்ததும்
இரண்டும் விருந்தாளி போல் விழித்தன.
வெயில் படாத, கால் படாத வெண்மை.
மீதித் தரை பழுப்பு என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது எனக்கு.
"நடங்க, சரியாயிடும்" என்றார் ஜக்தேவ்
கூலியை எண்ணிக்கொண்டே.
பதினொன்றையும் மாற்ற இருபதாயிரம் ஆகுமாம்.
மார்ச் போகட்டும் என்றோம்.

சாயங்காலம் புஷ்பா வந்து
பெருக்கல் குறிகளை எல்லாம் துடைத்துவிட்டுப் போனாள்.

இப்போது இரவு.
தண்ணீர் குடிக்க எழுந்து போகிறார்.
படுத்தபடி கேட்கிறேன்.
டக், டக்.
டொக். அது சுவிட்ச் போர்டு பக்கம்.
டொக். ஷூ அலமாரி.
அப்புறம் சத்தமே காணோம்.
"புதுசை மிதிச்சிடாதீங்க, இன்னும் காயல" என்கிறேன்.
"மிதிக்கல" என்கிறார் இருட்டில்,
ஒற்றைக் காலில் நிற்கிற குரலில்.